6 அடி பிளான்டட் டேங்க் (செடி வளக்கற மீன் தொட்டி), தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்து சொல்லுங்க

குட்டைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். 2 அடி டேங்க்ல மூணு வருஷமா செடி வளக்குறேன், ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கொஞ்சம் கிரிப்டோ, அவ்ளோதான், பாசித் தொல்லையும் பெருசா வந்ததில்ல. இப்ப ஆசை முத்திப்போய் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம்னு 12 எம்எம் கண்ணாடில ஒரு டேங்க் செஞ்சு வாங்கிட்டேன். இரும்பு ஸ்டாண்டு, தரைத்தளம், மட்டம் பாத்து வச்சாச்சு, அதனால எடையப் பத்தி பயமில்ல. மனசுல இருக்கற படம் என்னன்னா, முன்னாடி தரையோட படர்ற கார்பெட் செடி, நடுவுல பெரிய மரக்கட்டை, பின்னாடி சிவப்பு ரோட்டாலா செடி, அதுக்கு நடுவுல 50 ரம்மி நோஸ் மீன் கூட்டமா போகணும். எல்இடி லைட் ரெண்டு வாங்கிட்டேன், ஃபுல் பவர்ல வச்சா கண்ணு கூசுது. இனி என்னென்ன வாங்கணும்? செடிக்கு சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு கேஸ்) கண்டிப்பா வேணுமா? ஃபில்டர் பெருசா ஒண்ணு போதுமா, ரெண்டா போடணுமா? இன்னும் ஒரு சொட்டு தண்ணி ஊத்தல, திட்டுறதா இருந்தா இப்பவே திட்டிருங்க.

பபிள் கவுண்டர்:
கார்பெட்டும் வேணும் சிவப்பு ரோட்டாலாவும் வேணும்னா சிஓ2 இல்லாம பேச்சே இல்ல ப்ரோ. சிலிண்டர், நல்ல ரெகுலேட்டர், டைமர்ல கேஸைத் திறந்து மூடற சொலினாய்டு வால்வு, இந்த மூணுலயும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. 2 அடி டேங்க்ல வைக்கிற, கேஸைப் பொடிக் குமிழா விடற செராமிக் டிஃப்யூசர் இவ்ளோ தண்ணிக்கு பத்தாது, கேனிஸ்டரோட (டேங்குக்கு வெளிய வைக்கிற ஃபில்டர்) அவுட்லெட் பைப்புல ரியாக்டர் மாட்டிருங்க, கேஸ் உள்ளயே கரைஞ்சு வரும். லைட் போடறதுக்கு 1 மணி நேரம் முன்னாடி கேஸ் ஆரம்பிக்கணும், லைட் அணையறதுக்கு 1 மணி நேரம் முன்னாடியே நிறுத்திரலாம்.

ஃபில்டர் ரெண்டு போடுங்க. ஒண்ணு நின்னு போனாலும் இன்னொண்ணு ஓடும், ஒரே வாரத்துல ரெண்டையும் கழுவாம மாத்தி மாத்தி கழுவலாம். டப்பால மணிக்கு இத்தனை லிட்டர்னு போட்டிருக்கற கணக்கை அப்படியே நம்பாதீங்க, உள்ள மீடியா (வடிகட்டற பஞ்சு, கல்லு) ரொப்பினதும் ஓட்டம் நல்லாவே குறையும். மீடியாவை குழாய் தண்ணில கழுவக்கூடாது, டேங்க்ல இருந்து எடுத்த தண்ணில அலசுங்க.

அப்புறம் 6 அடின்னு மலைச்சுப் போகாதீங்க. போர்ச்சுகல்ல லிஸ்பன் ஓஷனேரியம்ங்கற மீன் காட்சியகத்துல ஜப்பான்காரர் தகாஷி அமானோ 2015ல அமைச்ச செடி டேங்க் 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர். அங்க செடி வெட்டணும்னா டைவர்ஸ் உள்ள இறங்கணும். உங்களுக்கு தோள்பட்டை மட்டும்தான் நனையும் 😄

ஈரக்கை:
என்ன வாங்கணும்னு கேட்டிருக்கீங்க தம்பி, அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. வாராவாரம் 300 லிட்டர் தண்ணிய எப்படி வெளிய எடுத்து எப்படி உள்ள கொண்டு வரப்போறீங்க?

உங்க டேங்க் அளவுக்கு விளிம்பு வரைக்கும் ஊத்தினா 680 லிட்டர், மண்ணு கல்லு கட்டையெல்லாம் கழிச்சா சுமாரா 600 நிக்கும். பாதி மாத்தினா 300. 15 லிட்டர் பக்கெட்டுன்னா வெளிய 20 நடை உள்ள 20 நடை. முதல் மாசம் புது மாப்பிள்ளை மாதிரி சந்தோஷமா தூக்குவீங்க. நானும் 5 அடி டேங்க்ல அப்படித்தான் தூக்கினேன். ரெண்டாவது மாசம் இடுப்பு பிடிச்சுது, மூணாவது மாசம் "தண்ணி பாக்க தெளிவாத்தானே இருக்கு"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவைன்னு ஆச்சு. கறுப்புத் தாடி பாசி கட்டை, ஃபில்டர் பைப்பு, அனுபியாஸ் இலை ஓரம்னு ஒண்ணு விடாம ஏறிருச்சு. நான் லைட்டை மாத்தினேன், உரத்தை மாத்தினேன், கேஸைக் கூட்டினேன் குறைச்சேன், எல்லாம் பண்ணேன், பக்கெட்டை மட்டும் மாத்தல. கடைசில ஒரு ஓஸை நிரந்தரமா வடிகால் வரைக்கும் இழுத்து, ஒரு டிரம்முல தண்ணி பிடிச்சு வச்சு சின்ன பம்பால ஏத்த ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் டேங்க் ஒரு நிலைக்கு வந்துச்சு. இப்ப மொத்த வேலையும் அரை மணி நேரம், அதுலயும் பாதி நேரம் சும்மா நின்னு மீன் பாக்கறதுதான்.

இதை ஏன் இப்பவே சொல்றேன்னா, நீங்க ஆக்வாசாயில்னு சத்து கலந்த செடி மண்ணு போட்டா முதல் சில வாரம் அதுல இருந்து மீனுக்கு விஷமான அமோனியா வந்துக்கிட்டே இருக்கும், அப்ப வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை கூட மாத்த வேண்டி வரும். உரமும் அப்படித்தான். எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ்னு நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம், ட்ரேஸ் (இரும்பு மாதிரி நுண்சத்து) எல்லாத்தையும் தாராளமா போடற முறையோட அடிப்படையே வாரக் கடைசில பாதி தண்ணிய மாத்தி மிச்சத்தைக் கழுவி விடறதுதான், உரத்தைப் போட்டுட்டு தண்ணி மாத்தாம விட்டா அது வேற கதை. பைப் வேலைய முதல்ல முடிங்க, டேங்கை நகத்தறதா இருந்தாலும் காலியா இருக்கும்போதே நகத்துங்க.

லைட்டு விஷயம் ஒண்ணு. ஃபுல் பவர் வேண்டவே வேண்டாம். பாதிக்கும் கீழ வச்சு தினம் 6 மணி நேரம் ஆரம்பிங்க. லைட்டு கூடினா செடிக்கு பசி கூடும், அந்த அளவுக்கு கேஸும் உரமும் கிடைக்கலன்னா செடி சுணங்கிரும், அந்த இடத்துல பாசி வந்து உக்காந்துக்கும். முதல் மாசம் கண்ணாடில பழுப்பு நிறத்துல பொடி மாதிரி படியும், அது டயட்டம்னு ஒரு வகை பாசி, தொடச்சு விட்டா போதும், தானா நின்னுரும், அதுக்கு மருந்து தேடி அலையாதீங்க.

குட்டைக்காரன்:
அண்ணே இதை நான் யோசிக்கவே இல்ல. 2 அடில ஒரு பக்கெட்டோட வேலை முடிஞ்சுரும். டேங்க் ஹால்ல இருக்கு, குளியலறை 30 அடி தள்ளி. குழாய் தண்ணில குளோரின் வேற இருக்கு. டிரம் இல்லாம நேரா குழாய்ல இருந்து ஓஸ் மாட்டி விட்டா ஆகாதா?

ஈரக்கை:
விடலாம். குளோரினை நீக்கற மருந்தை முதல்ல டேங்க்ல ஊத்திட்டு அப்புறம் குழாயத் திறங்க, அப்படி நேரா விடும்போது மாத்துற 300 லிட்டருக்கு இல்லாம மொத்த 600 லிட்டருக்கும் கணக்குப் பண்ணி மருந்து போடணும். தண்ணி ரொம்ப சில்லுனு வருதான்னு கையால பாத்துக்கோங்க. வடியறதுக்கு பம்பு வேண்டாம், ஓஸோட மறுமுனை டேங்க் தண்ணி மட்டத்துக்கு கீழ இருந்தா சைஃபன்லயே 30 அடி தாராளமா போகும். ஓஸோட வாய்ல ஒரு வலைய கட்டிருங்க, ரம்மி நோஸ் வடிகாலுக்கு போயிரக்கூடாது. முக்கியமா, தண்ணி ஏறும்போது அந்த இடத்தை விட்டு நகராதீங்க. ஒரு போன் எடுக்கப் போய் திரும்பி வந்து பாத்தா ஹால்ல கணுக்கால் நனையற அளவுக்கு தண்ணி, வீட்ல ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்ல.

மெதுவா வளரும்:
எல்லாரும் ஒரே பக்கமா இழுக்கறீங்களே. கார்பெட்டையும் சிவப்பையும் விட்டுட்டா இந்தத் தலைவலில முக்கால்வாசி கிடையாது. என்கிட்டயும் பெரிய டேங்க்தான், கேஸ் இல்ல. வாலிஸ்நேரியா, கிரிப்டோ, அமேசான் ஸ்வோர்டு, கட்டைல ஃபெர்ன், மேல கொஞ்சம் சால்வினியா. வேர் உரம் எப்பவாவது மண்ணுக்குள்ள, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை 20 சதவீதம் தண்ணி. கேஸ் கொடுத்து வளக்கற டேங்க்ல வாராவாரம் கத்திரி பிடிக்கணும், எனக்கு மாசத்துக்கு ஒரு தடவை. கிரிப்டோ நட்டதும் இலையெல்லாம் கரையும், பிடுங்கிராதீங்க, வேர்ல இருந்து திரும்ப வரும். அழகு வேற மாதிரி இருக்கும், ஒத்துக்கறேன்.

பபிள் கவுண்டர்:
அவர் சிவப்பு கேட்டாரு, நீங்க பச்சைய விக்கறீங்க 😂

தூண்டில் இல்லாதவன்:
கேஸ் போடறதுன்னு முடிவானா ஒண்ணு மட்டும். எனக்கு சொலினாய்டு ஒரு ராத்திரி மூடாம மாட்டிக்கிச்சு, காலைல பாத்தா மீன் எல்லாம் மேல வந்து வாய் பிளந்து நிக்குது, பாதி போயிருச்சு. தண்ணில கேஸ் எவ்ளோ இருக்குன்னு நிறத்துல காட்டற டிராப் செக்கர் பச்சைலதான், அதாவது சரியான அளவுலதான் இருக்கும்னு நம்பி இருந்தேன். அது நிறம் மாற 1, 2 மணி நேரம் ஆகும், அவசரத்துக்கு உதவாது. அதுக்குள்ள ஊத்தறதும் டேங்க் தண்ணி கிடையாது, கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) 4ன்னு அளந்த கரைசல், இது தெரியாம ஒரு வருஷம் தப்பா பாத்துட்டு இருந்தேன். இப்ப அவுட்லெட்டை மேல பாத்து திருப்பி எப்பவும் தண்ணி மேல்மட்டம் அலையற மாதிரி வச்சிருக்கேன். கொஞ்சம் கேஸ் வீணாகும், போகட்டும். வெயில் காலத்துல இது இன்னும் முக்கியம், 25 டிகிரில லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரில ஏழரைதான். கேஸைக் கூட்டிப் பாக்கறதா இருந்தா லீவு நாள்ல, டேங்க் முன்னாடி உக்காந்துக்கிட்டு பண்ணுங்க.

குட்டைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. டேங்கை குளியலறை சுவரோரமா நகத்தறேன், நாலு பேரைக் கூப்பிட்டாச்சு. சுவத்துல ஓட்டை போட்டு வடிகால் பைப்பும் குழாய் லைனும் எடுத்துட்டு அப்புறம்தான் மண்ணு. 'மெதுவா வளரும்' சொன்னதும் மனசுல ஓடுது, அதனால ரோட்டாலா ஒரு மூலைல மட்டும், மத்த இடம் கிரிப்டோ, கார்பெட் முன்னாடி சின்னதா ஒரு திட்டு. கேஸ் உண்டு. ரம்மி நோஸ் எப்ப விடலாம்?

ஈரக்கை:
அமோனியா, நைட்ரைட் ரெண்டும் ஒரு வாரம் பூஜ்யத்துலயே நிக்கட்டும், அதுக்கே 4லருந்து 6 வாரம் ஆகும். பழைய 2 அடி டேங்கோட, நல்ல பாக்டீரியா ஏறின ஃபில்டர் பஞ்சை கொஞ்சம் எடுத்து புது கேனிஸ்டர்ல போட்டா சீக்கிரமே ஆகலாம். ரம்மி நோஸ் புதுசா ஆரம்பிச்ச டேங்கை தாங்காது, அதுக்கும் மேல ஒரு மாசம் விட்டு 10, 12ஆ விடுங்க. பூஜ்யத்துல நின்னதுக்கு அப்புறம் வர்ற அந்த ஒரு மாசத்துக்கு அமானோ இறால் போட்டு வைங்க, பாசிய மேயட்டும். தாமிரம் கலந்த மருந்து எதுவும் ஊத்தாதீங்க, இறால் செத்துரும்.