வெள்ளிச் சாமானுக்கு லேக்கர் அடித்ததும் பால் போல மூடிவிட்டது, அவசரம்

வேளச்சேரி_மீனா:
வீட்டு வெள்ளிச் சாமான் கறுக்காமல் இருக்க லேக்கர் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) அடித்தேன். அடித்ததும் பளபளவென்று இருந்தது. பத்து நிமிடத்தில் பால் ஊற்றிய மாதிரி வெள்ளையாக மூடிவிட்டது. போன மாதம் அடித்த குடத்தில் கறுப்புப் புள்ளிகள் வேறு. வெள்ளிக்கிழமை தங்கைக்கு நிச்சயதார்த்தம். எப்படி எடுப்பது, உடனே சொல்லுங்கள்.

தறிக்கூடம்:
என்ன லேக்கர்? பிரஷ்ஷா, ஸ்ப்ரேயா? எதைப் போட்டுத் துலக்கினீர்கள்? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

கரந்தையான்:
சமையல் கேஸ்தான் காரணம். சிலிண்டரில் வாசனைக்காகக் கலக்கும் மெர்காப்டன் கந்தகச் சரக்கு. எங்கள் வீட்டில் வெள்ளியைச் சமையலறை அலமாரியிலிருந்து மாற்றிய பிறகு கறுப்பதே குறைந்துவிட்டது.

மெருகு:
இதே கேள்விக்கு நான் எத்தனையோ முறை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. கரந்தையான், கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும், வெளுக்காது. பத்து நிமிடத்தில் வெளுத்தால் அது ஈரம். அடித்த அன்று மழையா?

வேளச்சேரி_மீனா:
ஆமாம் சார், காலையிலிருந்து தூறல். மொட்டைமாடிப் படிக்கட்டில் வைத்து அடித்தேன். மரச்சாமானுக்கு வாங்கிய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர், தின்னர் கலந்து ஸ்ப்ரே கன்னில். துலக்கியது விபூதியால்.

மெருகு:
கேட்டதும் சொல்கிறீர்கள், முதலிலேயே சொல்லியிருக்கலாம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு சில்லென்று ஆகிவிடும். மழைக்காலக் காற்றில் இருக்கும் ஈரம் அதில் பனி போலப் படிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்த வெள்ளை மூட்டம் அதுதான். வெள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை. மெதுவாக ஆறும் தின்னரை, ரிடார்டர் என்று கேட்டால் பெயிண்ட் கடையில் கொடுப்பார்கள், மேலே லேசாகத் தூவினால் பூச்சு இளகி ஈரம் வெளியேறிவிடும். தெளியவில்லையா, அசிட்டோனில் பஞ்சை நனைத்து முழுப் பூச்சையும் எடுத்துவிட்டு வெயில் நாளில் புதிதாக அடியுங்கள்.

தறிக்கூடம்:
குடத்துப் புள்ளிகளுக்கு விபூதியைத்தான் சந்தேகப்படுகிறேன். வேலைப்பாட்டு இடுக்கில் தூள் தங்கியிருந்தால் அதன் மேல் பூச்சு ஒட்டாது. விரல் ரேகையும் அப்படித்தான். பூச்சில் ஊசிமுனை ஓட்டை ஒன்று இருந்தாலும் போதும், அது வழியாகக் கறுப்பு உள்ளே நுழைந்துவிடும். துணியால் துடைத்தால் போகாது, ஏனென்றால் கறுப்பு பூச்சுக்கு அடியில் இருக்கிறது.

மாமல்லை_ராணி:
விபூதியை ஏன் குறை சொல்கிறீர்கள்? என் பாட்டி ஐம்பது வருஷம் விபூதியால்தான் துலக்கினார். அந்தச் சொம்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

தறிக்கூடம்:
குறை சொல்லவில்லை அக்கா. அந்தச் சொம்பை வெயிலில் சாய்த்துப் பாருங்கள், மயிரிழைக் கீறல் நிறைய தெரியும். சாணச் சாம்பலில் மணல் போன்ற சரக்கு உண்டு. கெட்டி வெள்ளி தாங்கும், முலாம் பூசியது சீக்கிரம் செம்பு காட்டிவிடும். கடையில் கிடைக்கும் மெல்லிய சாக் பவுடரை (வெற்றிலைச் சுண்ணாம்பு இல்லை) தண்ணீரில் குழைத்துப் பஞ்சால் தேய்த்தால் போதும்.

மாமல்லை_ராணி:
பார்த்தேன். கீறல் இருக்கிறது. ஆனால் அந்த மங்கலான மினுக்கம்தான் எனக்குப் பிடிக்கும். கடைப் பளபளப்பு வேண்டாம்.

கரந்தையான்:
என்.சி. லேக்கர் வருஷம் போகப் போக மஞ்சளாகும். அருங்காட்சியகங்களில் பழஞ்சாமான் பராமரிப்பவர்கள் பயன்படுத்தும் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பூச்சு வாங்குங்கள். மஞ்சளே ஆகாது.

மெருகு:
பாதி தெரிந்துகொண்டு சொல்லாதீர்கள். அமெரிக்காவில் டெலாவேரில் இருக்கும் வின்டர்தர் அருங்காட்சியகத்தில் வெள்ளிக்கு அடித்ததே நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர்தான். பி-72 ஏறக்குறைய 40 டிகிரியில் இளகத் தொடங்கும். சென்னை மே மாதத்தில் அதன் மேல் தூசி ஒட்டும். அங்கே குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, நம் வீட்டில் பூஜை அலமாரியில் இருக்கிறது.

கரந்தையான்:
மஞ்சளாவதை மட்டும் மறுக்கவில்லையே.

மெருகு:
மறுக்கவில்லை. மஞ்சளானால் கழுவி மறுபடி அடிக்கலாம்.

சீர்காழி_ஆசாரி:
இத்தனை பேர் பேசியும் ஒன்றைக் கேட்கவில்லை. அம்மா, மூட்டம் விழுந்தது எந்தச் சாமானில்?

வேளச்சேரி_மீனா:
காமாட்சி விளக்கு, தினமும் ஏற்றுவது. கூட ஒரு சந்தனக் கிண்ணமும்.

சீர்காழி_ஆசாரி:
அம்மா, முதலில் அந்த விளக்கை ஏற்றாதீர்கள். என்.சி. லேக்கர் சட்டென்று தீப்பற்றும் சரக்கு. திரி எரியும் அகலின் ஓரம் சூடாகும், எண்ணெயும் வழியும். தீப்பிடிக்காமல் தப்பினாலும் பூச்சு கருகி உரியும். எங்கள் பட்டறையில் ஏற்றுகிற விளக்குக்கும் சாப்பிடுகிற தட்டுக்கும் பூச்சு கேட்டால் முடியாது என்றே சொல்வோம். காட்சிக்கு வைக்கிற குடம், சிலை என்றால் சரி.

இன்றே அசிட்டோனால் முழுவதும் எடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு எரியும் இடத்தின் பக்கம் போகாதீர்கள். திரி மூக்கின் உள்பக்கம், தேவி முகத்தின் மடிப்பு, அடித்தண்டு மரை எல்லாவற்றையும் பல்குச்சியில் பஞ்சு சுற்றித் துடையுங்கள். பஞ்சு ஒட்டாமல் வழுக்கினால் பூச்சு போய்விட்டது. பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காய வைத்து ஏற்றுங்கள்.

கருப்பு வராமல் இருக்க ஏற்றாத நாளில் வெறும் மல் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பையில் ஒரு சாக்பீஸோடு வையுங்கள். ரப்பர் பேண்ட் மட்டும் போடாதீர்கள், அது இருந்த இடத்தில் கறுப்புக் கோடு விழும்.

மெருகு:
விளக்கு என்று தெரிந்திருந்தால் நானும் ரிடார்டர் சொல்லியிருக்க மாட்டேன். ஆசாரி சொல்வதையே செய்யுங்கள்.

தறிக்கூடம்:
மீனா, குடத்தையும் அதே அசிட்டோனில் முடித்துவிடுங்கள். பூச்சு போனால் புள்ளி துலக்கிலேயே போய்விடும். மறுபடி அடிக்கிறதென்றால் கையுறை போட்டுக்கொண்டு, மழை இல்லாத நாளில்.

வேளச்சேரி_மீனா:
விளக்கு சுத்தம். மூக்கில் பூச்சு கட்டியாக இருந்தது, மூன்று தடவை பஞ்சு மாற்றினேன். அம்மா சாயங்காலம் ஏற்றிவிட்டார். குடம் இன்னும் எடுக்கவில்லை, நிச்சயதார்த்தம் முடியட்டும். எல்லாருக்கும் நன்றி.

மாமல்லை_ராணி:
சந்தனக் கிண்ணத்தையும் கழுவினீர்களா? சந்தனம் முகத்தில் பூசுவது.