மரபுவள வங்கியில் ‘வரவு’: ஒலிவ மரங்களை முன்வைத்து ஒரு கலைச்சொல் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

பயிர் ரகங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் இடமான மரபுவள வங்கிக்கு வந்துசேரும் ஒவ்வொரு செடிப்பொருளுக்கும் தனி எண் கொடுத்து, எங்கிருந்து, எப்போது, எந்தப் பெயரில் வந்தது என்று பதிந்துவைக்கிறார்கள். அந்தப் பதிவு அலகை ‘அக்செஷன்’ என்கிறார்கள். ஒலிவ மரங்களைப் பற்றிய கட்டுரைக்காக இதற்குத் தமிழ்ச்சொல் கேட்கப்பட்டதையொட்டி ‘சேர்க்கை’, ‘மாதிரி’, ‘வரவினம்’ ஆகியவை முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கு மாற்றாக ‘வரவு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

சொல்லைத் தேர்வதற்கு முன், மரம், வரவு, ரகம் ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதை நாம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஸ்பெயினின் கோர்தோபாவில் 1970இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் ஆதரவோடு தொடங்கப்பட்ட உலக ஒலிவ மரபுவள வங்கி இதற்குத் தெளிவான சான்று. அங்கிருந்த 824 மரங்களை டி.என்.ஏ. குறிப்பான்களாலும் (ரகங்களை வேறுபடுத்திக் காட்டும் டி.என்.ஏ. பகுதிகள்), கொட்டையின் வடிவம், சமச்சீர்மை, நுனி, மேற்பரப்பிலுள்ள வரிப்பள்ளங்கள் போன்ற புறக்கூறுகளாலும் ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. அந்த மரங்கள் 499 வரவுகளைச் சேர்ந்தவை; ஆனால் அவற்றில் இனங்காணப்பட்ட ரகங்கள் 332 மட்டுமே. ஏட்டில் தனித்தனியாக நின்ற பல பதிவுகள் ஒரே ரகமாக இருந்தன என்பதே இதன் பொருள். வரவையும் ரகத்தையும் ஒரே சொல்லால் குறித்தால், இந்த ஆய்வின் முடிவைத் தமிழில் எழுதவே முடியாது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பெயர்க் குழப்பம். ஸ்பெயினில் மிகப் பரவலாக வளர்க்கப்படும் பிக்குவால் ரகத்துக்கு ஊருக்கு ஊர் மார்த்தேன்யோ, நெவதில்யோ, லொபெரேன்யோ என்று வேறு பெயர்கள் உண்டு. மறுபுறம், சிறிய ஆப்பிள் என்று பொருள்படும் ‘மன்சானில்யா’ என்ற பெயரைக் காயின் உருண்டை வடிவம் கருதி வெவ்வேறு ரகங்களுக்கு இட்டிருக்கிறார்கள். செவில்யாவின் மன்சானில்யாவும் காசெரெஸ் பகுதியின் மன்சானில்யாவும் ஒன்றல்ல. (கிளிமூக்கு, பெங்களூரா, தோத்தாபுரி என்று ஒரே மாம்பழத்தை மூன்று பெயரில் வாங்கும் நமக்கு இது புதிதல்ல.)

இனி முன்வைக்கப்பட்ட சொற்களுக்கு வருவோம். ‘சேர்க்கை’ பள்ளி, கல்லூரி மாணவர் சேர்க்கையோடு ஒன்றிப்போனது. அதோடு, அது செயலைக் குறிக்குமேயன்றி, சேர்ந்த பொருளை எளிதில் குறிக்காது. ‘மாதிரி’ என்பதை ஆய்வுக்கு எடுக்கும் இலைக்கும் எண்ணெய்க்கும் பயன்படுத்தியாக வேண்டும் என்பதால், அதை இங்கே செலவிட்டுவிடக் கூடாது. ‘வரவினம்’ கணக்கேட்டு வழக்கில் அழகான சொல்தான். ஆனால் வேளாண்மையில் ‘இனம்’ என்றதும் படிப்பவர் ரகம் அல்லது சிற்றினம் என்றே கொள்வார். பதிவு அலகு ரகத்தைப் பற்றி எந்த முடிவும் சொல்வதில்லை என்பதுதான் இந்தக் கருத்தின் உயிர்நாடி. அதைச் சொல்லே மறைத்துவிடுகிறது.

‘வரவு’ அப்படி எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை; ஒரு பொருள் வந்தது, பதியப்பட்டது என்பதோடு நின்றுவிடுகிறது. இன்னொரு பொருத்தமும் உண்டு. வரவு என்பது மரத்தின் இயல்பு அன்று, வங்கியின் பதிவு. கோர்தோபாவில் உள்ள ஒரு ரகத்தின் தண்டுத் துண்டு மொராக்கோவின் மராகேஷ் வங்கிக்கோ துருக்கியின் இஸ்மிர் வங்கிக்கோ சென்றால், அது அங்கே புதிய வரவாகிப் புதிய வரவெண் பெறும், ரகமோ மாறுவதில்லை. விதையை அனுப்பாமல் தண்டுத் துண்டை அனுப்புவதற்குக் காரணம் உண்டு. ஒலிவம் பெரும்பாலும் அயல் மகரந்தத்தால் காய்ப்பதால், விதையிலிருந்து வளரும் கன்று தாயை அப்படியே ஒத்திராது. ஆகவே ஒரு ரகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், தண்டுத் துண்டு வழியாகவோ ஒட்டு வழியாகவோ மரமாகவே வளர்த்துவைக்க வேண்டும்.

இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்டிருந்த நண்பருக்கு, இத்தாலியின் புல்யா பகுதியில் 2013இல் கண்டறியப்பட்ட, ஒலிவ மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் சைலெல்லா பாக்டீரியாவே விடை. அங்கு மிகுதியாக வளர்ந்த ஒல்யரோலா சலென்டினா, செல்லினா டி நார்தோ ரகங்கள் பெருமளவில் பட்டுப்போக, லெச்சினோ ஓரளவு தாக்குப்பிடித்தது. இத்தகைய தாங்குதிறனைத் தேடிச் சோதிக்கும்போது, கிடைக்கும் முடிவைச் சோதிக்கப்பட்ட வரவின் எண்ணோடு சேர்த்தே எழுத வேண்டும். பெயரை மட்டும் எழுதிவைத்துவிட்டு, பின்னாளில் அந்தப் பெயர் தவறென்று தெரியவந்தால், சோதனையின் பயன் முழுவதும் வீணாகிவிடும்.

பொருளாதாரப் பொருளோடு குழம்பும் என்ற எதிர்ப்பு வரக்கூடும். கட்டுரையில் முதன்முறை ‘மரபுவள வரவு’ என்று எழுதிவிட்டு, பிறகு ‘வரவு’ என்றால் போதும். இதோடு தொடர்புடைய ‘கோர் கலெக்ஷன்’ (வங்கியின் வரவுகளிலிருந்து தேர்ந்தெடுத்த சிறு தொகுப்பு) என்பதற்குச் சொல்லப்பட்ட ‘கருத்தொகுப்பு’ எனக்கு உடன்பாடன்று. கருத்துகளின் தொகுப்பு என்றே அதைப் படிப்பார்கள். குறைந்த எண்ணிக்கையில் மரபுப் பன்மையின் பெரும்பகுதியை அடக்குவது என்ற பொருளில் ‘சாரத்தொகுப்பு’ எனலாம்.

‘டூப்ளிகேட்’ என்பதற்கு ஒரே சொல் போதாது என்று நினைக்கிறேன். பெயர்க் குழப்பத்தால் ஒரே ரகம் இருமுறை பதிவானால் அது ‘மிகைவரவு’. தீயோ நோயோ ஒரு தோப்பை அழித்தாலும் ரகம் பிழைக்கட்டும் என்று வேண்டுமென்றே இன்னோரிடத்தில் வளர்ப்பது ‘காப்பு வரவு’. முந்தையதைக்கூட உடனே வெட்டிவிடுவதில்லை. குறிப்பான்கள் காட்டாத சிறு மொட்டுத் திரிபு (ஒரு மொட்டில் தோன்றும் மரபு மாற்றம்) அதில் இருக்கலாம். இந்த இரண்டு சொற்களைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.