விபத்துக்குப் பின் வீடு திரும்பும்போது பழைய மருந்துகளை என்ன செய்வது?

கேள்வி:
செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்ட என் தந்தை பல ஆண்டுகளாக, இரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம், இதயத்துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் ஆகிய மாத்திரைகளை உட்கொண்டு வருகிறார். இருசக்கர வாகனம் மோதித் தொடை எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, நாளை வீடு திரும்புகிறார். டிஸ்சார்ஜ் சீட்டில் இரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸாபரின் ஊசி, வலி நிவாரணியான டைக்ளோஃபெனாக், கிருமித்தொற்றுக்கான மெட்ரோனிடசோல் ஆகியவை உள்ளன. பழைய மாத்திரைகள் இரண்டுமே இல்லை. வீட்டிலிருக்கும் அசிட்ரோமை நாங்களே தொடங்கலாமா?

பதில் 1 (மருத்துவமனை மருந்தாளுநர்):
நீங்களாகத் தொடங்க வேண்டாம். அதைப் பற்றிக் கேட்காமல் கிளம்பவும் வேண்டாம். அறுவை சிகிச்சைக்காக அசிட்ரோமை நிறுத்தி ஊசிக்கு மாற்றுவதும், பிறகு மாத்திரையை மீண்டும் தொடங்கி, ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் பரிசோதனை அளவு) உரிய அளவை எட்டும் வரை இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, அதன்பின் ஊசியை நிறுத்துவதும் வழக்கமான முறை. விடுபட்டால் வால்வில் இரத்தம் உறையலாம். ஊசியை நிறுத்தும் நாள் தெரியாமல் இரண்டும் நீடித்தால் இரத்தம் கசியலாம். மெட்ரோனிடசோல் அசிட்ரோமின் வீரியத்தைக் கூட்டும், டைக்ளோஃபெனாக் இரைப்பையில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால், அசிட்ரோம் விடுபட்டதைச் சொல்லும்போதே இவ்விரண்டையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பதில் 2 (விபத்துப் பிரிவுச் செவிலியர்):
இந்த விடுபடல் பெரும்பாலும் முதல் இரவிலேயே தொடங்குகிறது. அடிபட்டவர் மயக்கத்தில் இருப்பார். உடன் வந்தவருக்கு "ஏதோ பிரஷர் மாத்திரை" என்பதற்கு மேல் தெரியாது. மெட்டோப்ரோலால் உட்கொள்பவருக்கு உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருந்தாலும் நாடித்துடிப்பு எதிர்பார்த்த அளவு ஏறாது. அந்த ஒரு தகவல் தெரியாவிட்டால் நாங்களே ஏமாந்துவிடுவோம். ஆகவே வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையும் இதயநோய் மருத்துவரின் பழைய சீட்டையும் நாளை கையோடு கொண்டுவந்து, புதிய சீட்டுடன் வரிக்கு வரி ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரே மருந்து இரு கம்பெனிப் பெயர்களில் இருமுறை எழுதப்படுவதும் அப்போதுதான் தெரியவரும். மெட்டோப்ரோலாலைத் திடீரென நிறுத்துவதும் நல்லதல்ல. அதைக் காரணத்தோடு நிறுத்தினார்களா என்று தனியாகக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அட்டைகளைக் காட்டியபின் எலும்பு மருத்துவர் இதயநோய்ப் பிரிவை அழைத்துப் பேசினார். அசிட்ரோமும் மெட்டோப்ரோலாலும் சீட்டில் சேர்க்கப்பட்டன. டைக்ளோஃபெனாக்கிற்குப் பதிலாகப் பாராசிட்டமால் எழுதப்பட்டது. அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனைக்கான தேதியைக் குறித்து, அதன் முடிவைப் பார்த்த பிறகே ஊசியை நிறுத்த வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். மெட்ரோனிடசோல் இன்னும் தேவையா என்பதை நாளைக் காலை காயத்தைப் பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள்.