செவிக்குள் இருப்பது மயிரா, சுணையா?

பாம்பனிலிருந்து:

அன்புடையீர், காதைப் பற்றி ஒன்பதாம் வகுப்புக்கு நான் எழுதிய சுவரொட்டி வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போகிறது. உட்செவியில் ஒலியை உணரும் செல்லை "மயிர்ச்செல்" என்றுதான் எழுதியிருந்தேன். வகுப்பில் சிரித்தார்கள், அது பெரிதில்லை. விசைப்படகுக்காரர் ஒருவரின் மகள் எழுந்து, "முடி கொட்டுனா முளைக்குது டீச்சர், எங்கப்பா காதுல மட்டும் ஏன் முளைக்கல?" என்று கேட்டாள். டீசல் எஞ்சின் பக்கமே நின்று பழகியவர் அவர். வீட்டில் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுகிறார்களாம். நான் எழுதிய சொல்தான் அந்தப் பிள்ளையைக் குழப்பியது. செல்லுக்கு ஒரு பெயர் வேண்டும், அது மறுபடி உண்டாவதற்கும் ஒன்று வேண்டும்.

கீழக்கரையிலிருந்து:

டீச்சர், "மயிர்நீப்பின் வாழாக் கவரிமா" என்று வள்ளுவரே எழுதிய சொல், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் இங்கே பொருள் பிழை. அது மயிரே அல்ல. செல்லின் உச்சியில் ஆக்டின் புரதம் அடைத்த நுண்விரல்கள், படிக்கட்டு மாதிரி உயர வரிசையில் நிற்கின்றன. சுணை என்று சொல்லலாமே! பூசணித் தண்டைப் பிடித்தால் கையில் சுருக்கென்று ஏறுமே, அதுதான் சுணை. உணர்ச்சி என்றும் அதற்குப் பொருள் உண்டு. "சுணை கெட்டவன்" என்று திட்டுகிறோமே. உருவமும் வேலையும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. சுணைச்செல்.

தொண்டியிலிருந்து:

ஐயா, சுணை அருமை. செல் எதற்கு? இலங்கைப் பாடநூல்களில் கலம் என்றே எழுதுகிறார்கள். சுணைக்கலம் என்போம். ஒரு சந்தேகம்: சுணை, சுரணையின் தேய்வோ? சுரணை வடமொழி ஸ்மரணை ஆயிற்றே.

கீழக்கரையிலிருந்து:

ஸ்மரணை நினைவைச் சொல்வது தம்பி. அது பூசணித் தண்டில் எப்படி ஏறும்? சுள்ளென்று குத்துவதால் சுள், சுண், சுணை என்று வந்தது என்பேன். இன்னொன்று: இரண்டுசுழி ன விழுந்தால் மலைச்சுனை ஆகிவிடும். அச்சகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்டியிலிருந்து:

மீண்டும் உண்டாவதற்கு "மறுதுளிர்ப்பு". நம் பக்கம் சீமைக் கருவேலத்தை எத்தனை வெட்டினாலும் துளிர்க்கும். பனையின் தலையை வெட்டினால் மரமே பட்டது. மனிதக் காது பனை.

மண்டபத்திலிருந்து:

நான் மீன்களோடு வேலை செய்பவன். நீரோட்டத்தை உணர மீனின் பக்கக்கோட்டிலும், அதாவது உடலின் இருபுறமும் ஓடும் உணர்கோட்டிலும், இதே வகைச் செல்தான். அழித்தால் சில நாளில் திரும்பிவிடும். கோழியின் காதிலும் திரும்பும் என்பது 1980களின் பிற்பகுதியில் தெரிந்தது. மனிதருக்குக் காதொன்றுக்குச் சுமார் 15,000, போனால் போனதுதான். துளிர்ப்பு என்பதை நான் ஏற்கவில்லை. துளிர் அதே அடிமரத்தில் வருவது. இங்கே செத்தது செத்ததே. அருகிலிருக்கும் தாங்குசெல் பிரிந்தோ, தானே உருமாறியோ அந்த இடத்துக்கு வருகிறது. ஏட்டோ1 என்ற மரபணுவைத் தூண்டி எலியில் முயல்வதும் இந்த மாற்றத்தைத்தான். தாய்வாழை சாய, பக்கக்கன்று எழுவதைப் பாருங்கள். புதிதாக வருவது சுணைக்கன்று.

தொண்டியிலிருந்து:

கன்று என்றால் பிள்ளைகளுக்கு மாட்டுக்கன்றுதான் தோன்றும் அண்ணே.

மண்டபத்திலிருந்து:

தங்கச்சிமடத்துப் பிள்ளைக்குமா? வாழைக்கன்று தெரியாத வீடு எது?

பாம்பனிலிருந்து:

நேரமில்லை. சுணைச்செல் என்றே போட்டுவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு "செல்" படித்துத்தான் வருகிறது. மீண்டும் உண்டாவதற்குப் பாடநூலில் உள்ள "இழப்பு மீட்டல்", அதன்கீழ் ஒரு வாழையும் பக்கக்கன்றும் படமாக. அந்தப் பிள்ளையிடம் சுவரொட்டியின் முதல் அச்சுப்படியைக் காட்டினேன். "அப்ப எங்கப்பாவுக்குக் கன்று விடாதா டீச்சர்?" என்றாள். மருந்து இன்னும் வரவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

தொண்டியிலிருந்து:

கலம் வேண்டும் என்ற என் கருத்து அப்படியே நிற்கிறது. அடுத்த பதிப்பில் பேசுவோம்.

கீழக்கரையிலிருந்து:

மூன்றுசுழி ண தானே போட்டிருக்கிறார்கள்?