இந்தோனேசிய மாணவர்கள் ஏன் மெல்பர்னுக்கு வருகிறார்கள்? ஊர் தேடும் நம் பிள்ளைகளுக்காக

"ஆஃபர் லெட்டர் ரெண்டு இடத்திலிருந்து வந்திருக்கு அண்ணா, மெல்பர்ன் எடுக்கட்டுமா, அடிலெய்டு எடுக்கட்டுமா?" ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் இந்தக் கேள்வி வருகிறது. கேட்கிற தம்பி தங்கைகள் பெரும்பாலும் ரேங்கிங் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். நான் இருப்பது மெல்பர்னின் புறநகரான கோபர்க்கில். இங்கே இந்தோனேசியாவிலிருந்து படிக்க வந்த குடும்பங்கள் நிறைய. அவர்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கிற விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்ததில், நமக்கு உதவும் என்று தோன்றியதை எழுதுகிறேன்.

முதலில் தூரம். பாலியிலிருந்து பெர்த்துக்கு விமானத்தில் நான்கு மணி நேரம்கூட ஆகாது, கடிகாரத்தையும் மாற்ற வேண்டாம். ஜகார்த்தாவிலிருந்து மெல்பர்னுக்கு வர ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும். குளிரும் இங்கேதான் அதிகம், வாடகையும் குறைவில்லை. தூரம்தான் கணக்கு என்றால் அத்தனை பேரும் பெர்த்தில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் இந்தோனேசிய மாணவர்கள் அதிகம் சேருவது மெல்பர்னிலும் சிட்னியிலும்தான்.

காரணம் கேட்டால் கல்லூரியின் தரத்தைச் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் இன்னும் கொஞ்சம் பேசினால் வேறொன்று வெளியே வரும். அக்கா இங்கே படித்தார், மாமா இங்கே படித்தார், அலுவலகத்தில் மேலதிகாரி மொனாஷ்காரர், அதாவது மெல்பர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இந்தத் தொடர்பு நேற்று வந்ததில்லை. ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவிய கொழும்புத் திட்டத்தில் 1950களிலேயே இந்தோனேசியர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க வந்தார்கள். 2009 முதல் 2014 வரை இந்தோனேசியாவின் துணை அதிபராக இருந்த போயெடியோனோ, 1972இல் மொனாஷில் பொருளாதார முதுகலை முடித்தவர். அதே மொனாஷில் பாடம் நடத்திய ஹெர்ப் ஃபீத், 1951இல் தன்னார்வலராக ஜகார்த்தா போய், அந்த ஊர்க்காரர்களுக்குக் கொடுத்த சம்பளத்திலேயே அரசு அமைச்சகத்தில் வேலை பார்த்தவர். தென்கிழக்காசிய ஆய்வுக்கென்று 1964இலேயே மொனாஷில் ஒரு மையம் வந்துவிட்டது. சீன வம்சாவளியினரைக் குறிவைத்து இந்தோனேசியாவில் நடந்த 1998 மே மாதக் கலவரத்துக்குப் பிறகு, சீன வம்சாவளி இந்தோனேசியக் குடும்பங்கள் பல, பிள்ளைகள் பத்திரமாக இருந்தால் போதும் என்று வெளிநாட்டுக்கு அனுப்பின. அதில் மெல்பர்னுக்கு வந்தவர்களும் உண்டு. 2021இல் மொனாஷே ஜகார்த்தாவை ஒட்டிய பிஎஸ்டி சிட்டியில் வளாகம் திறந்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு அங்கே ஒரு நடுத்தரக் குடும்பத்தில் 'மெல்பர்ன்' என்று சொன்னால், யாரும் வரைபடத்தைத் தேட வேண்டியதில்லை.

நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இனிமேல்தான் வருகிறது. அவர்களுக்கு பிபிஐஏ என்று ஒரு மாணவர் சங்கம் இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகங்களில் அதற்குக் கிளைகள் உண்டு. விசா கையில் வருவதற்கு முன்பே புதியவரை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். எந்த வீட்டில் அறை காலியாகிறது, யார் படிப்பு முடித்துக் கிளம்புகிறார்கள், யாரிடம் மெத்தை இருக்கிறது, எல்லாம் அதில் ஓடும். நவம்பர், டிசம்பரில் எங்கள் தெருவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஊர் திரும்பும் குடும்பம், ரைஸ் குக்கர், ஹீட்டர், குழந்தையின் குளிர் ஜாக்கெட், படிப்பு மேசை என்று எல்லாவற்றையும் அடுத்து வரும் குடும்பத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறும். எதிர்வீட்டு ரைஸ் குக்கருக்கு மூடியின் பிடி உடைந்து கயிறு கட்டியிருக்கிறது. அது எத்தனை குடும்பம் தாண்டி வந்தது என்று அவர்களுக்கே தெரியாது. புதிதாக வருபவருக்கு முதல் மாதம் மிச்சமாகிற பணம் ஒரு பக்கம். இறங்கிய அன்றே நாலு பேரைத் தெரிந்திருக்கிறது என்பது அதைவிடப் பெரிது.

நகரத்துக்குள் எங்கே தங்குகிறார்கள் என்பதிலும் யோசனை இருக்கிறது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களில் குடும்பத்தோடு வருபவர்கள் பலர் பிரன்ஸ்விக், கோபர்க் பக்கம் வருகிறார்கள். சிட்னி ரோடு நெடுக லெபனான், துருக்கிக்காரர்களின் ஹலால் இறைச்சிக் கடைகள், 19ஆம் எண் டிராம் ஏறினால் பல்கலைக்கழக வாசல். மொனாஷ்காரர்களுக்குக் கிளேட்டன், அங்கே பக்கத்திலேயே இந்தோனேசிய முஸ்லிம்கள் நடத்தும் வெஸ்டால் பள்ளிவாசல். கிறிஸ்தவர்களுக்கு இந்தோனேசிய மொழியில் ஆராதனை நடக்கும் சபைகள் இருக்கின்றன. முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களின் கணவன் அல்லது மனைவி நேர வரம்பில்லாமல் வேலை செய்யலாம். வகுப்புக்குப் போய்ப் படிக்கும் மாணவருக்கோ கல்லூரி நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான், ஆராய்ச்சி மாணவருக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. வீட்டுச் செலவு எப்படி ஓடுகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சோயாவைப் புளிக்க வைத்துச் செய்யும் அவர்களுடைய டெம்பே, காய்கறி மேல் வேர்க்கடலைக் குழம்பு ஊற்றிய காடோ காடோ எல்லாம் நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகும். சைவக்காரர்கள் மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சம்பலில் இறால் விழுது சேர்ப்பார்கள், மேலே வைக்கிற அப்பளமும் பல சமயம் இறால் அப்பளம்தான்.

இப்போது கவனமாகப் படிக்க வேண்டிய இடம். அவர்கள் முடிவை அப்படியே நாம் எடுக்கக் கூடாது. எல்பிடிபி என்கிற அரசு உதவித்தொகையில் வருகிறவர்கள் படிப்பு முடிந்ததும் நாடு திரும்பியாக வேண்டும். சொந்தக் காசில் வருகிறவர்களிலும் பலருக்கு ஜகார்த்தாவில் குடும்பத் தொழிலோ வேலையோ காத்திருக்கும். ஊரில் தெரிந்த பெயர், அங்கே பெரிய பதவிகளில் இருக்கும் முன்னாள் மாணவர்கள், இவைதான் அவர்களுக்கு லாபம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) மனதில் வைத்துத்தான் கடன் வாங்குகிறார்கள். அப்படியென்றால் கணக்கே வேறு. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் குடிவரவுத் துறை 'ரீஜனல்' பகுதியாகக் கணக்கில் எடுப்பதில்லை. பெர்த், அடிலெய்டு, கான்பெரா, மெல்பர்னுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜிலாங் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. அங்கே படித்தால் பிஆர் விண்ணப்பத்துக்குப் புள்ளி கூடும் வழி உண்டு. 2025 ஜூலையிலிருந்து மாணவர் விசாக் கட்டணமே 2,000 டாலர். 2024 மே மாதத்திலிருந்து ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 29,710 டாலர் கணக்கில் காட்டச் சொல்கிறார்கள். அப்பாவின் நிலத்தை அடகு வைத்து வருகிற பிள்ளை, கூட்டத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது? ஊரை முடிவு செய்யும் முன் அந்த ஊரில் ஒரு மனிதரைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் சேரப்போகும் அதே படிப்பை இப்போது படிக்கிற ஒருவரைத் தேடிப் பேசுங்கள். ஏஜெண்ட் பேசுவது போதாது. நம் தமிழ்ச் சங்கங்கள், கோயில்கள் எல்லாம் குடும்பங்களுக்கு நல்ல இடம், ஆனால் புதிதாக இறங்கும் மாணவருக்கு அறை தேடித் தருகிற ஏற்பாடு நம்மிடம் குறைவு. ஏற்கெனவே இங்கே இருக்கும் மாணவர்கள் அதைத் தொடங்குங்கள், கிளம்பும்போது குக்கரையும் மெத்தையையும் தெருவோரம் வைக்காதீர்கள்.

வீட்டு விஷயத்திலும் அவர்கள் வழக்கம் நல்லது. சீனியர் ஒருவர் நேரில் போய், வீடியோ காலில் அறையையும் குளியலறையையும் காட்டிய பிறகுதான் பணம் அனுப்புகிறார்கள். நீங்களும் பார்க்காத வீட்டுக்கு ஊரிலிருந்து பாண்ட் தொகை, அதாவது வாடகை முன்பணம், அனுப்பாதீர்கள். விக்டோரியாவில் வாடகை ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கிற பாண்ட், வீட்டுக்காரர் கையில் இருக்கக் கூடாது, பாண்ட் பணத்தை வைத்துக் காக்கும் அரசு அமைப்பான ஆர்டிபிஏவில் கட்டப்பட வேண்டும். கட்டியதும் ரசீது உங்களுக்கு வரும். 15 வேலை நாட்களுக்குள் வரவில்லையென்றால் ஆர்டிபிஏவுக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள்.