குளிர்பெட்டியில் வைத்த விளைமீன்: மறுநாளே ஃபேஸ் கோணம் விழுகிறது, ஆனால் மீன் கெடவில்லை

கடலோரம்:
வணக்கம். மீன்வளப் படிப்பில் இறுதியாண்டு புராஜெக்ட். குளிரில் வைத்த விளைமீனின் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குச் சதை காட்டும் தடை) நாளாக ஆக எப்படி மாறுகிறது என்று ஏடி5933 சிப் வைத்து அளக்கிறேன். 1 முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரை, முதுகுச் சதையில் இரண்டு எஃகு ஊசிகள். ஐஸில் புதைத்த மீனில் ஃபேஸ் கோணம் (வோல்டேஜுக்கும் மின்னோட்டத்துக்கும் இடையே உள்ள கட்ட வேறுபாடு) மெதுவாக இறங்குகிறது. அதே படகில் வாங்கி, குளிர்பெட்டியில் வைத்த மீனில் மறுநாள் காலையிலேயே அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. செவுள் சிவப்பு மாறவில்லை, வாடை இல்லை, டிவிபி-என் (மீன் கெடும்போது சேரும், ஆவியாகும் நைட்ரஜன் சேர்மங்கள்) அளவும் ஏறவில்லை. பெட்டியின் டிஸ்ப்ளே 0 டிகிரி காட்டுகிறது. போதாததற்கு 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் எண் நிலையாக நிற்பதே இல்லை. எங்கே கோளாறு?

சாலிடர்புகை:
தம்பி, எண் ஆடுவதற்குக் காரணம் சர்க்யூட்தான். அந்த சிப் நேரடியாக அளப்பது 1 கிலோஓமுக்கு மேல். மீன் சதை பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும், ஆப்-ஆம்ப் (சிக்னல் பெருக்கி) சேர்க்காமல் வரும் எண்ணை நம்ப வேண்டாம். இன்னொன்று, சிப்பின் வெளியீட்டு முனையிலும் உள்வாங்கும் முனையிலும் டிசி வோல்டேஜ் ஒன்றல்ல. நடுவில் மீன் இருந்தால் நேர்மின்னோட்டம் ஓடி ஊசி முனையில் மின்பகுப்பு நடக்கும். கப்பாசிட்டர் போட்டு டிசியைத் தடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஊசியை நான்காக்குங்கள்: வெளியே இரண்டில் மின்னோட்டம், உள்ளே இரண்டில் வோல்டேஜ். இரண்டே ஊசி என்றால் குறைந்த அதிர்வெண்ணில் ஊசிப் பரப்பின் தடையும் சதையின் கணக்கில் சேர்ந்துவிடும். ஸ்காட்லாந்தின் அபெர்டீனில் டோரி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய, மீனின் புதுமையை அளக்கும் டோரிமீட்டரிலும் மின்னோட்டத்துக்கு ஒரு ஜோடி, வோல்டேஜுக்கு ஒரு ஜோடி.

கடலோரம்:
நன்றி அண்ணா, மாற்றுகிறேன். ஆனால் ஐஸ் மீனையும் இதே சர்க்யூட்டில்தானே அளக்கிறேன்? பெட்டி மீன் மட்டும் ஏன் விழுகிறது?

ஏலக்கூடம்:
சதைக்குள் தெர்மோமீட்டர் குத்திப் பார்த்தீர்களா தம்பி? டிஸ்ப்ளே சொல்வது சென்சார் இருக்கும் இடத்தின் குளிரை மட்டும். குளிர்ச்சுருளை ஒட்டிக் கிடக்கும் மீன் அதைவிடக் கீழே போயிருக்கலாம். சுமார் -1 டிகிரிக்குக் கீழே போனாலே சதையில் ஐஸ் படிகம் உருவாகத் தொடங்கும், செல்சவ்வு கிழியும்.

நீங்கள் அளக்கும் ஃபேஸ் கோணமே அந்தச் சவ்வால்தான் வருகிறது. உள்ளேயும் வெளியேயும் உப்புநீர், நடுவில் மெல்லிய கொழுப்புப் படலம்: அது ஒரு கப்பாசிட்டர். ஐஸில் இருக்கும் மீனில் நொதிகள் அதை நாள்கணக்கில் அரிக்கின்றன, உறைநிலை அதை ஒரே இரவில் உடைக்கிறது. கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். டோரிமீட்டரை உறைந்து இளகிய மீனுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் இதனால்தான்.

டிவிபி-என் பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை, பிந்தித்தான் ஏறும். முதல் சில நாட்களின் மாற்றத்துக்கு கே-மதிப்போடு (சதையில் ஏடிபி சிதைந்த அளவு, மீன் பழசாக ஆக ஏறும்) ஒப்பிடுங்கள். எல்லா மீனையும் ஒரே சதை வெப்பநிலையில் அளப்பதும் முக்கியம். ஒரு டிகிரிக்கு மின்கடத்தல் சுமார் 2 சதவீதம் மாறும். அடிபட்ட இடத்தில் ஊசி குத்தாதீர்கள், அங்கே செல்கள் முன்பே நசுங்கியிருக்கும்.

கடலோரம்:
அக்கா, நீங்கள் சொன்னதுதான்! சுருளை ஒட்டிய மீனின் சதை -2 டிகிரிக்கும் கீழே இருந்தது. அடுத்த முறை நடுத்தட்டில் 0 டிகிரியில் வைத்த மீன் ஐஸ் மீனைப் போலவே மெதுவாக இறங்குகிறது. கப்பாசிட்டர், நான்கு ஊசி போட்டபின் 1 கிலோஹெர்ட்ஸ் எண்ணும் நிற்கிறது. பழைய பெட்டி மீன் அளவுகளைத் தூக்கி எறியட்டுமா?

ஏலக்கூடம்:
எறியாதீர்கள்! சதை வெப்பநிலையோடு தனி அட்டவணையாகச் சேருங்கள். உறைந்து இளகியதைப் புதுமீன் என்று விற்பதைக் கண்டுபிடிக்க இந்த அளவு உதவும். ஆனால் ஃபேஸ் கோணம் குறைந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு சொல்லிவிட முடியாது, பழைய மீனும் அப்படித்தான் காட்டும். கோணமும் குறைந்து, கே-மதிப்பும் குறைவாக இருந்தால் உறைந்து இளகிய மீன் என்று சந்தேகிக்கலாம். வழிகாட்டியிடம் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.