நியூ ஆர்லியன்ஸ் பியானோ ப்ளூஸ்: இடது கை பிடிபடவில்லை

பாளை_கீபோர்டு:
அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். பாளையங்கோட்டையில் சர்ச் கொயருக்கு வாசிக்கிறேன், கொடை சீசனில் கச்சேரிக்கும் போவதுண்டு. நியூ ஆர்லியன்ஸ் பியானோக்காரர் புரொஃபசர் லாங்ஹேரின் 'கிராஃபிஷ் ஃபியஸ்டா' ஆல்பத்தை ஒருத்தர் அனுப்பினார், அன்றிலிருந்து வீட்டில் வேறு எதுவும் ஓடவில்லை. பேர்தான் ப்ளூஸ், அதாவது சோகப் பாட்டு, அழுகையே காணோம், நம்ம ஊர் கொடை மேளம் மாதிரி ஒரே கூத்து. கார்டு (சேர்த்து அமுக்கும் சுரக்கூட்டு) எல்லாம் தெரிந்ததுதான், ஆனால் கீபோர்டில் தானாகத் தாளம் போடும் ப்ளூஸ் ஸ்டைலைப் போட்டு வாசித்தால் சப்பென்று இருக்கிறது. எங்கே இடிக்கிறது?

தகிட_தக:
தம்பி, முதலில் அந்த ஸ்டைலை அணைத்துவிடுங்கள். கீபோர்டில் வரும் ப்ளூஸ் ஸ்டைல் பெரும்பாலும் ஷஃபிள், ஒவ்வொரு அடியையும் மூன்றாக வெட்டும். லாங்ஹேரின் இடது கை பல பாட்டுகளில் ரும்பா. நியூ ஆர்லியன்ஸ் துறைமுக ஊர், கியூபா தாளமெல்லாம் கடல் வழியாக எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. எட்டு மாத்திரையை 3+3+2 ஆகப் பிரியுங்கள், தகிட தகிட தக, அவ்வளவுதான். சி கார்டில் முதல் தகிடவுக்கு கீழ் சி, அடுத்ததற்கு ஈ, தகவுக்கு ஜி. பக்கத்தில் ஆள் பேசினாலும் பதில் சொல்லிக்கொண்டே வாசிக்கிற அளவுக்கு அது கையில் ஊற வேண்டும், அதுவரை வலது கையைத் தொடவே தொடாதீர்கள். அப்புறம் வலது கையில் ஈ ஃபிளாட் கறுப்புக் கட்டையிலிருந்து வெள்ளை ஈ கட்டைக்கு அதே விரலை வழுக்கிவிடுங்கள், நடுநடுவே மும்மூன்றாக உருட்டுங்கள். காலும் சும்மா இருக்கக் கூடாது. அவர் பியானோவின் முன்பலகையையே உதைத்துத் தாளம் போட்ட மனுஷன்.

வண்ணாரப்பேட்டை_வானொலி:
கொடை மேளம் என்று சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்ம மேளம் சாமி வரும்வரை வேகம் ஏறிக்கொண்டே போகும், லாங்ஹேர் ஒரே நடையில் நின்று ஆட வைக்கிறார், அதுதான் கஷ்டம். சின்ன வயதில் தெருவில் டேப் டான்ஸ் ஆடிக் காசு வாங்கியவர், நடை காலிலேயே இருந்திருக்கிறது. 1918-ல் லூசியானாவில் பிறந்தவர், சொந்தப் பெயர் ஹென்றி ரோலண்ட் பேர்ட். 1960-களில் ஆளையே மறந்துவிட்டார்கள், ஒரு ரெக்கார்டு கடையில் பெருக்கிக்கொண்டிருந்தார். 1971 நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழாவில்தான் மறுபடி மேடை. இந்த ஆல்பம் சிகாகோவின் அலிகேட்டர் கம்பெனி போட்டது, அது வெளிவரும் சமயத்தில், 1980 ஜனவரி 30 அன்று, போய்விட்டார். இதில் கிதார் யார் தெரியுமா? டாக்டர் ஜான்! அவரே பெரிய பியானோக்காரர், இங்கே அடக்கமாக ஓரத்தில் நிற்கிறார். ஒரு தடவை காங்கா என்ற கைமேளத்தை மட்டும் கவனித்துக் கேளுங்கள், ஆல்ஃபிரட் ராபர்ட்ஸ் வாசிப்பது, இடது கை எங்கே விழ வேண்டும் என்று அதுவே சொல்லிக்கொடுக்கும்.

பாளை_கீபோர்டு:
ஸ்டைலை அணைத்ததும் வெறிச்சென்று இருக்கிறது அண்ணாச்சி, ஆனால் தகிட தகிட தக மெதுவாக வருகிறது. என்னிடம் இருப்பது 61 கட்டை, கீழே இடம் பத்தவில்லை.

தகிட_தக:
ஆக்டேவ் ஒன்று, அதாவது ஒரு ஸ்தாயி, இறக்கிக்கொள்ளுங்கள் தம்பி, வலது கைதான் மேலே கொஞ்சம் முட்டும். வெறும் பியானோ டோன் போதும், சர்ச் பழக்கத்தில் ஸ்ட்ரிங்ஸைச் சேர்த்துவிடாதீர்கள்.